பணியாரச் சட்டியில் பந்துகள்

சாவியைத் திருப்பி, கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஹெப்சிபா மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை சரசரத்தது. அது அடங்கும்வரை மூச்சைக்கூட அளந்து விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் சுக்கு இருந்தான், காய்ந்த இஞ்சியின் நிறமும் மடிந்த ஒற்றைக் காதுமாக. இந்தப் பக்கம் அவள், கைப்பையும் செருப்புமாகக் கல்லூரிக்குக் கிளம்பியவளைப் போலவே உடுத்திக்கொண்டு, எங்கும் போகாமல், தன் வீட்டு வாசலிலேயே ஒட்டுக் கேட்கிறவளாக. வெட்கமாகத்தான் இருந்தது. இந்த வயதில், இத்தனை வருடம் வேதியியல் நடத்திவிட்டு, ஒரு நாய் என்ன செய்கிறது என்று கேட்பதற்காகப் படிக்கட்டில் குந்தியிருக்கிறேன். ஆனால் வேறு வழி இல்லை. இன்று சனி. அறுவைச் சிகிச்சைக்கென எடுத்த நீண்ட விடுப்பு நாளையோடு தீர்கிறது. திங்கள் காலை அவள் ஆய்வகத்தில் நின்றாக வேண்டும். அதற்குள் அவன் வீட்டில் தனியாக இருக்கப் பழகவில்லையென்றால், நாளை ஆராதனை முடிந்ததும் தங்கை தபித்தாளின் வீட்டுக்காரர் அவனைக் கொண்டுபோக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் அவருக்கு முருங்கைத் தோட்டம். கிணற்றடி மோட்டார் அறைக்குக் காவலாக ஒரு நாய் வேண்டும், சங்கிலியில். சங்கிலியில் என்பதைத் தபித்தாள் சொல்லவில்லை. நீளமான கயிறு என்று சொன்னாள். நீளமான கயிறு. உள்ளே பந்து ஒன்று எதையோ இடித்துவிட்டு உருண்டது, ஹெப்சிபாவின் தோள்கள் தாழ்ந்தன. ஆரம்பித்துவிட்டான். பணியாரச் சட்டியின் குழிகளில் அவித்த முட்டைத் துண்டும் பூசணியும் தயிர்சோற்று உருண்டையும் வைத்து, ஒவ்வொரு குழியையும் ஒரு பழைய டென்னிஸ் பந்தால் மூடி, இரும்புச் சட்டி தரையில் கரகரக்காமலிருக்க அடியில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். மூக்கால் தள்ளினால்தான் சோறு. மூக்கு வேலை செய்யும்வரை மனம் கதவை நினைக்காது என்று நாய்களை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அவன் மனம் கதவை நினைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் குடியிருப்பு முழுவதும் அறியும்.

கதவு அவனுக்கு வேறொன்று. அவள் விடுப்பு தொடங்கிய வாரத்தில் எதிர் பிளாக்கில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது பீரோவைக் கொண்டுபோனார்கள், துளசித் தொட்டியைக் கொண்டுபோனார்கள், அவனைப் பின்கட்டில் விட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். வெளியே இவ்வளவு சத்தம் கேட்டும் யாரோ யாருடைய நாயோ என்று எல்லோரும் இருந்தோம், நானும் இருந்தேன், நாலாவது சத்தத்திலா ஐந்தாவதிலா என்று தெரியாத ஒரு கட்டத்தில்தான் எழுந்து போனேன். வீட்டுச் சொந்தக்காரர் வந்து திறந்தபோது அவன் குரைக்கக்கூட இல்லை, என் செருப்பை முகர்ந்தான், அவ்வளவுதான், பின்னாலேயே மாடி ஏறிவிட்டான். அவர்கள் வைத்திருந்த பெயர் தெரியவில்லை. டைகர், மணி, ஜிம்மி, ராஜா என்று வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்ததில் எதற்கும் திரும்பாதவன், சுக்குக் காப்பிக்கு இடித்துக்கொண்டே அவள் தனக்குத்தானே சுக்கு எங்கே வைத்தேன் என்று சொன்னபோது எழுந்து வந்தான். ஒருவேளை இஞ்சி மணத்துக்காக வந்திருப்பான். இப்போது இரண்டாவது பந்து. இல்லை, அதே பந்தைத்தான் மறுபடி தள்ளுகிறான். சத்தம் மெத்தென்று இருக்கிறது, கோணியின் ஓரம். பொறுமை, குழந்தை, அடுத்த குழியைப் பார். பொறுமையை அவனுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்த மாதம் முழுக்கக் காரியத்தைக் கெடுத்தது நான்தானே. நியமமாக ஒரு வரிசை வைத்திருந்தேன்: சட்டியை இறக்குவது, குழிகளை நிரப்புவது, பந்துகளை வைப்பது, சேலை மடிப்பைச் சரிசெய்வது, சட்டியைக் கீழே வைப்பது, சாவியை எடுப்பது. ஒரு நாளும் வரிசை மாறவில்லை. உப்புப் பகுப்பாய்வில் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்கிறேன், வரிசையை மாற்றாதீர்கள், ஒரு படியைத் தாண்டினால் விடை தப்பும். ஆனால் எல்லா வருடமும் வகுப்பில் ஒருத்தி இருப்பாள், நீல நிறத்தைப் பார்த்ததுமே காப்பர் என்று எழுதிவிட்டு மற்றச் சோதனைகளைச் செய்ததாகப் பாவனை பண்ணுகிறவள். சுக்கு அந்த மாதிரி மாணவி. முதல் படியிலேயே விடையைக் கண்டுபிடித்துவிட்டான். சட்டி இறங்கினால் அவள் போகிறாள். பிறகு எந்த முட்டையும் எந்தத் தயிர்சோறும் அவனுக்கு எதற்கு? தொடாமல் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்று, முகத்தை உயர்த்தி, அந்தச் சத்தம். அவளுக்கு அது புரிந்தது கடந்த வாரம், தனக்கே பணியாரம் தின்ன ஆசைப்பட்டுச் சட்டியை அலமாரியிலிருந்து எடுத்தபோது. பணியாரம், வேறொன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் அவன் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். மாவுக் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனை மகிழ்விக்கச் செய்த பொருளை, தன் ஒழுங்கினாலேயே, பூட்டுச் சத்தத்தின் அண்ணனாக ஆக்கிவைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு தன் ஒழுங்கைத் தானே கலைத்தாள், அது அவளுக்குச் சுலபமில்லை. சட்டியை வைத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கல்லூரிச் சேலையைக் கட்டிக்கொண்டு மத்தியானம் படுத்துக்கிடந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு பால் காய்ச்சினாள். சாவியை எடுத்துக் குலுக்கி அரிசி டப்பாவில் வைத்தாள். தன்னைப் பார்த்துத் தபித்தாள் என்ன சொல்லுவாள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, சொல்லியும்விட்டாள், தொலைபேசியில், "ஏக்கா, ஒனக்கு எடுத்தது கர்ப்பப்பையா, மூளையா?" அந்தச் சிரிப்பில் தையல் போட்ட இடம் இழுத்தது, இப்போதும் அந்த இடத்தைக் கை தானாகத் தடவுகிறது, ஆறிவிட்டது, உள்ளே ஒரு வெற்றிடம் இருப்பதாக மட்டும் சிலபோது தோன்றும், தோன்றினால் தோன்றட்டும். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் நாள்கள். கட்டிலின் உயரம் எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. தபித்தாள் ஒரு வாரம் இருந்து பார்த்தாள், பிறகு அவளுக்கும் வீடு இருக்கிறதே. போன பின்பு பகல்கள் கூரையைப் போல அசையாமல் நின்றன, அப்போது கட்டிலுக்கடியில் ஒரு மூச்சு இருந்தது. அவ்வளவுதான் அவன் செய்தது. மூச்சு விட்டான். அவள் புரள முடியாமல் முனகினால் அடியிலிருந்து வால் தரையை ஒருமுறை தட்டும், இருக்கிறேன் என்பதுபோல. நடக்கச் சொன்னார்கள், நடக்க மனமில்லை; அவன் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தான், திரும்பித் திரும்பிப் பார்த்தான், ஒரு நாள் பின்னாலேயே போய்விட்டாள். அம்மா சனிக்கிழமை மாலைகளில் ஸ்தோத்திர பலி சொல்லுவாள், எதையும் கேட்காத ஜெபம், வெறும் நன்றி மட்டும், உப்புக்கு ஸ்தோத்திரம், மழைக்கு ஸ்தோத்திரம், தண்ணீர்க் குழாய் பழுதாகாததற்கு ஸ்தோத்திரம் என்று நீட்டிக்கொண்டே போவாள், சிறுமியாக முழங்காலில் நின்ற ஹெப்சிபாவுக்குக் கால் மரத்துப்போகும். இப்போது மனம் அதே இழுப்பில் போகிறது. முட்டை அட்டைகளைத் தூக்கிப்போடாமல் எடுத்துவைத்த கடைக்காரருக்கு. கீழே விளையாடித் தேய்ந்த பந்துகளைப் பையோடு கொடுத்த பிள்ளைகளுக்கு. குடியிருப்புச் சங்கத்தில் போய்ப் புகார் எழுதாமல், படியேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "டீச்சர், கோவிச்சுக்கிடாதிய, எங்க வீட்ல உள்ளவளுக்கு ராத்திரி உறக்கம் கெடையாது, மத்தியானம்தான் கொஞ்சம் கண்ணசருதா, நம்ம பையன் அப்பம் பாத்து ஓலமிடுதான்" என்று நம்ம பையன் என்ற சொல்லைப் போட்டுச் சொன்ன கீழ்வீட்டு ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கு. அந்தச் சொல்லுக்கு. நெத்திலிக் கருவாட்டுக்கு, அதை உப்பிறங்க ஊறவைத்து வேகவைத்தபோது வீடு நாறியதற்கும்கூட.

காகிதம் கிழிந்தது. நல்லது, முட்டை அட்டைக்குப் போய்விட்டான். ஒவ்வொரு பள்ளத்திலும் செய்தித்தாள் உருண்டை, சில உருண்டைகளில் மட்டும் நெத்திலி, எல்லாவற்றிலும் வைத்துவிட்டால் தேடல் இல்லை, உண்பது மட்டும்தான். அடுத்தது சாப்பாட்டு மேசைக் காலில் கட்டிய துணிப் பின்னல். பழைய நைட்டியை நாடாவாகக் கிழித்து மூன்று புரியாகப் பின்னி இடையிடையே கருவாட்டைச் செருகிய பின்னல். அதன் நுனி. நுனியில் முடிச்சுக்குப் பிறகு ஒரு விரல் நீளம் நாடா மிச்சம் இருந்தது, அதை வெட்டவேண்டும் என்று கத்தரிக்கோலை எடுத்தாள், அப்போது பால்காரர் மணி அடித்தார், பாத்திரத்தோடு போனாள், வந்தாள், வெட்டினாளா? நாடாவை விழுங்கிவிட்டால் குடலில் சுருண்டு அடைத்துக்கொள்ளும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார், அவசரமில்லாத குரலில், அதனாலேயே அது ஆழமாகப் பதிந்திருந்தது. வெட்டினேன். கத்தரிக்கோல் இப்போது எங்கே? தையல் டப்பாவில். வெட்டாமல் டப்பாவில் வைப்பேனா? பால் மணி அடித்ததும் வெட்டாமலேயே வைத்திருக்கலாம், நான் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறவள். நல்ல பழக்கம், எல்லாவற்றையும் கெடுக்கிற நல்ல பழக்கம். காகிதச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? அவள் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தபோது நின்றிருக்க வேண்டும். நிசப்தம் நல்லது, இதற்குத்தானே இத்தனை பாடு. நிசப்தம் தொண்டையில் துணி சிக்கியவனுக்கும் உண்டு. கதவைத் திறந்தால் தெரிந்துவிடும், திறந்தால் இத்தனை நாள் பழக்கியது போயிற்று, காத்திருந்தால் அவள் வருவாள் என்று அவன் மறுபடி மனதில் எழுதிக்கொள்வான். எழுந்தாள். அப்போது கதவின் அடியில், தரைக்கும் பலகைக்கும் இடையிலான கோட்டில், சின்னதாக ஒரு காற்று உள்வாங்கியது. மறுபடி. ஈரமான, நிதானமான முகர்தல், அவள் செருப்பின் பக்கமாக நகர்ந்து, நின்று, ஒரு பெருமூச்சு. பிறகு நகங்கள் அடுக்களைப் பக்கம் திரும்பிப் போயின, பந்து உருண்டது. உயிரோடு இருக்கிறான், ஸ்தோத்திரம், என்று நினைத்த அதே நொடியில் அவளுக்கு முகம் சுட்டது. அவனுக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மூக்காலேயே அறிந்துகொண்டுதான் அவ்வளவு நிம்மதியாகப் பந்து தள்ளிக்கொண்டிருக்கிறான். குடுவையில் விரலை விட்டுக்கொண்டே சோதனை செய்த மாதிரி. இது எந்த முடிவையும் சொல்லாது. அவள் போகவேண்டும், நிஜமாக, அவன் மூக்குக்கு எட்டாமல், அவன் சத்தம் தன் காதுக்கும் எட்டாமல். அந்த இரண்டாவதைத்தான் இதுவரை யோசிக்காமல் இருந்திருக்கிறாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படியும் வயிற்றுக்குள் எதையோ நீட்டி இழுப்பதுபோல் இருந்தது. கீழ்த்தளத்துக் கதவு பாதி திறந்திருந்தது. ஆவுடைநாயகம் அண்ணாச்சி, பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், பனியனோடு நாற்காலியில் இருந்தவர், அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார், மேலே பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"என்ன டீச்சர், சொந்த வீட்டுலயே களவாங்கிட்டு வந்த மாதிரி வாறிய?"

"அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டுமா? நான் போயிட்டேன்னு அவன் நினைக்கணும்."

"இரிங்க, இரிங்க. இப்பதான் கேட்டுட்டு இருந்தேன். உருளுது, நிக்குது, உருளுது. பந்தா?"

"பந்துதான். சத்தம் அதிகமா இருக்கா?"

"இது ஒரு சத்தமா? பணிமனையில முப்பது வருசம் இருந்த காதும்மா இது."

உட்கார்ந்தாள். தன் வீட்டின் அடிப்பக்கத்தை அவள் இதுவரை கேட்டதில்லை. மேலே எல்லாம் வேறாகக் கேட்டது. நகங்கள் மழைத்துளி மாதிரி சிதறின, பந்து வண்டிச்சக்கரம்போலக் கனத்து ஓடியது, என் நடையும் இப்படித்தான் இறங்கியிருக்கும், கட்டிலிலிருந்து எழ முடியாமல் நாற்காலியை இழுத்து இழுத்து நடந்த நாள்களில் இவர்கள் தலைக்குமேல் அந்தக் கரகரப்பு ஓடியிருக்கும், ஒரு வார்த்தை சொன்னதில்லையே, நாய் அழுததற்கு மட்டும் வந்தார்கள், அதுவும் தூக்கம் முழுக்கப் போன பிறகு. உள்ளறைக் கட்டிலில் அண்ணாச்சியின் மனைவி கோமதியக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை அவள் சொன்னபடி கேட்பதில்லை. கனத்த அந்தக் கை போர்வைக்கு மேல் தனியாக ஒரு பொருள்போல வைக்கப்பட்டிருந்தது. உறங்குகிறாள். உறங்கட்டும். மேலே நகங்கள் வாசல்பக்கம் நடந்தன. முகர்கிறான், தெரியாவிட்டாலும் தெரிகிறது, கதவடிக் கோடு முழுவதும் முகர்கிறான், அங்கே அவள் இருந்த இடம் ஆறிக்கொண்டிருக்கிறது, செருப்பின் மணம் படியிறங்கிப் போய்விட்டது. இப்போது முகத்தை உயர்த்துவான். வேண்டாம், குழந்தை. சட்டியில் ஒரு குழி பாக்கி இருக்கும், ஓரத்துக் குழி, அங்கேதான் பெரிய துண்டை வைத்தேன். மெல்ல, ஆழத்திலிருந்து, ஒரு குரல் நீண்டு எழுந்தது.

ஹெப்சிபா எழுந்துவிட்டாள். கைப்பை மடியிலிருந்து விழுந்தது. மோட்டார் அறையின் தகரக் கதவு, கிணற்றைச் சுற்றி வெயில், கயிறு தேய்த்துத் தேய்த்து வட்டமாகப் புல் செத்துப்போன தரை, எல்லாம் ஒரே வீச்சில் கண்ணில் வந்து நின்றது. வாசல்வரை போய்விட்டாள்.

"டீச்சர், போகாதிய." உள்ளறையிலிருந்து கோமதியக்காவின் குரல், வாய் ஒரு பக்கம் இழுத்ததால் சொற்கள் ஈரமாக, ஆனால் தெளிவாக வந்தன. "அது அழுக இல்ல. முந்தி அழுதது வேற. இது சும்மா கூப்பிட்டுப் பாக்குதான்."

"நீ உறங்கலையா?" என்றார் அண்ணாச்சி.

"உறங்குத மாதிரி கெடந்தாத்தான நீங்க பேசாம இருப்பிய."

ஹெப்சிபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் தேய்ந்து நின்றது. அடுத்தது வரும். முன்பெல்லாம் ஒன்றின் வாலைப் பிடித்து மற்றொன்று வரும், இடைவெளி இருக்காது. அண்ணாச்சியும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், கோமதியக்கா வலது கையால் இடது கையைத் தூக்கி மார்மீது வைத்துக்கொண்டு அவளும் பார்த்தாள், மூன்று பேரும் ஒரே இடத்தை. நான் கட்டிலில் கிடந்தபோது அவன் மூச்சைக் கேட்டேன், இவர்கள் அவன் அழுகையைக் கேட்டுக் கேட்டு எது அழுகை, எது அழைப்பு என்று பிரித்தறியும் அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள், உறக்கமில்லாத ஒருத்திதான் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்க முடியும், அது தொந்தரவு என்று மட்டும் நினைத்து இத்தனை நாள் முகம் பார்க்கக் கூசிக்கொண்டு படியேறினேன். மேலே ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. பிறகு நகங்கள், அவசரமில்லாமல், வாசலிலிருந்து உள்ளே நடந்தன. எதுவோ இழுபட்டது. மேசைக்கால் தரையில் லேசாக முனகியது. பின்னலைப் பிடித்துவிட்டான், அதன் நுனியை வெட்டினேனா என்ற பயம் பழையபடி தலைதூக்கியது, தூக்கியதும் விடையும் கூடவே வந்தது: வெட்டிய துண்டு பால் பாத்திரத்தின் மூடியில் கிடந்தது, நானே எடுத்துக் குப்பையில் போட்டேன், மஞ்சள் பூப்போட்ட துண்டு. வெட்டினேன். நிலையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மேலே அவன் இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். கதவையும் அவளையும் விட்டுவிட்டுத் தன் வேலையில் இருக்கிறவனின் சத்தம் அது. சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு முள் இருந்தது, அதையும் அவள் மறைக்கவில்லை. ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டானா?

"உக்காருங்க, டீ போடுதேன்," என்றார் அண்ணாச்சி.

"டீ எதுக்கு?" என்றாள் கோமதியக்கா. "டீச்சர், நீங்க எங்க ஊட்டுல இருந்தா அதுவும் அவன் பக்கத்துலயே இருக்குத கணக்குத்தான். நெசமாவே வெளிய போயிட்டு வாங்க. நாங்க கேட்டுக்கிட்டுக் கெடக்கோம்."

"அவன் மறுபடியும் ஆரம்பிச்சா, அக்கா, உங்க உறக்கம்..."

"ஆரம்பிச்சா இவுக மேல போயி கதவுக்கு வெளிய நின்னு பழைய பஸ் டைம் எல்லாம் ஒப்பிப்பாக. அதக் கேட்டா நாய் என்ன, நானே உறங்கிருவேன்."

அண்ணாச்சி கைப்பையை எடுத்து, தூசி தட்டி, அவளிடம் நீட்டினார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் இந்த வீட்டில் எழுதிவைத்த விண்ணப்பம்போல் ஒலிக்கும் என்று தோன்ற, "போயிட்டு வாரேன்," என்று மட்டும் சொன்னாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. வாயிற்கேட்டைத் தாண்டும்போது கழுத்து தானாக மேல்ஜன்னல் பக்கம் திரும்பப் பார்த்தது, விடவில்லை. மருந்துக்கடை, தையல்கடை, கரும்புச்சாறு வண்டி. அதுவரை அவன் சத்தம் எட்டியிருக்கலாம், எட்டுவதாக நினைத்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால் சாலையின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடியது. மாதக்கணக்கில் முதல்தடவையாக அவன் இந்தக் கணம் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது உடம்பில் ஒரு பக்கம் குளிராகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்தது. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், படுத்தபடி ஒருத்தி, நாற்காலியில் ஒருவர். கைப்பேசி அதிர்ந்தது. தபித்தாள்.

"அக்கா, அவுக நாளைக்கு வண்டிக்கு டீசல் போடவான்னு கேக்காக. அழுதானா?"

"ஒரு தடவை கூப்பிட்டான்."

"பெறகு?"

"பெறகு கூப்பிடல. அவுககிட்ட வேற நாய் பாக்கச் சொல்லு, ஏளா. கயிறு இல்லாம."

அந்தப் பக்கம் தங்கை சிரிப்பதா கோபப்படுவதா என்று யோசிப்பது கேட்டது. பேருந்து வந்து நின்றது, அவள் தினமும் ஏறுகிற வழித்தடம். யோசிக்காமல் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடத்துனர் பழக்கமானவர், அவளைப் பார்த்ததும் கை சீட்டுக்கட்டில் நின்றது.

"என்ன மேடம், ரொம்ப நாளா ஆளக் காணும். இன்னைக்கு காலேஜ் லீவாச்சே?"

"லீவுதான்," என்றாள் ஹெப்சிபா. "சும்மா காலேஜ் வாசல் வரைக்கும் போயிட்டு, அடுத்த வண்டியில திரும்பணும்."